முன்னால் நிற்காத வாத்தியார்

பரந்தாமன் வாத்தியாரின் தொழில் வளர்ச்சியை அளந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திருத்தணியில் அவர் வீட்டுக் கூடத்துக்குப் போனால் போதும். மாநாடுகளில் கழுத்தில் மாட்டிவிடும் அடையாள அட்டைகளை வரிசையாக ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பார். கோயம்புத்தூர், ஐதராபாத், புனே. முதலில் அந்தச் சுவரில் முருகன் படம் இருந்தது. அட்டைகள் பெருகப் பெருகப் படத்தை நகர்த்திக்கொண்டே போய் கடைசியில் சுவிட்சுப் பெட்டிக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். ஊருக்கே மலைமேல் இருந்து படியளக்கிறவர், இந்த வீட்டில் மட்டும் ஃபேன் ரெகுலேட்டருக்குக் காவல் இருந்தார்.

பரந்தாமனுக்குப் பள்ளிக்கூடம் கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் உள்ளே போகிற ஒரு தறி ஊரில். அரசு நடுநிலைப்பள்ளி. ஆறாவதிலிருந்து எட்டாவது வரைக்கும் அறிவியல் அவருடையது. ஊரில் பாதி நிலம், பாதி விசைத்தறி. காலையில் தறி ஓட ஆரம்பித்தால் பிரேயரில் தேசிய கீதம் பாடும்போதுகூட அதுதான் தாளம் போடும்.

அவருக்கு இதெல்லாம் புதிதில்லை. அவரும் பொதட்டூர்ப்பேட்டைத் தறி வீட்டில் பிறந்தவர்தான். தறி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற தறிக்கு நடுவே கத்தினாலும் கேட்காது என்பதால் யாரும் தொண்டையைச் செலவழிக்க மாட்டார்கள். குரலே இல்லாமல் வாயை மட்டும் அகலமாக அசைத்துப் பேசுவார்கள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். சாப்பாடு, சண்டை, சம்பந்தம், எல்லாம் இப்படித்தான் நடக்கும். முதுகு காட்டி நிற்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால், தறிக்கு நூல் சுற்றிவைக்கும் தார்க்குச்சிகளில் நூல் தீர்ந்த ஒன்றை எடுத்து முதுகில் எறிவார்கள். பரந்தாமனும் பத்தாவது வரைக்கும் அப்படி எறி வாங்கி வளர்ந்தவர்.

வாத்தியாராகி வந்த புதிதில் அந்தப் பழக்கம் போகவில்லை. பாடம் நடத்தும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் வாயைத் திறந்து, பல்லைக் காட்டி, உதட்டைக் குவித்துச் சொல்வார். தலைமையாசிரியை மணியம்மை, வாயில் கொஞ்சம் உப்பு உள்ள பெண்மணி. "பரந்தாமன் சார் வாய்லயே ஒரு லுங்கி நெய்ஞ்சிடுவாரு" என்பார். பிள்ளைகள் சிரிக்கும். பாடமும் ஏறும்.

பிறகுதான் வளர்ச்சி வந்தது.

வளர்ச்சியைக் கொண்டுவந்தவர் அருண்பாண்டியன். சென்னையில் ஏதோ ஓர் அறக்கட்டளை. ஜீன்ஸுக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, அரசுப் பள்ளிகளைக் காப்பாற்றுவதற்காகக் காரில் திரிகிற இளைஞர். அவர் ஆள் உயரத் தொடுதிரை ஒன்றையும், பிள்ளைகளுக்கு டேப்லெட்டுகளையும் கொண்டுவந்து இறக்கினார். ஊரில் யாரும் வேண்டுமென்று கேட்கவில்லை. கக்கூஸுக்குத் தண்ணீர்க் குழாய்தான் கேட்டிருந்தார்கள். ஆனால் குழாய்க்கு மாநாடு நடத்த முடியாது.

கோயம்புத்தூர் மாநாட்டுக்குப் பரந்தாமனைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். அங்கே ஒரு பேச்சாளர் மேடையில் முன்னும் பின்னும் நடந்தபடி, ஆசிரியர் வகுப்புக்கு முன்னால் நிற்பது போன நூற்றாண்டு வழக்கம் என்றார். ஆசிரியர் மறைய வேண்டும், கற்றல் தெரிய வேண்டும் என்றார். இதைச் சொல்ல அவர் ஆயிரம் பேருக்கு முன்னால்தான் நின்றார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மத்தியானம் குரல் பயிற்சி என்று ஓர் அம்மாள் வந்து, பரந்தாமனைப் பேசச் சொல்லிப் பார்த்துவிட்டு, முகத்தை ரொம்ப ஆட்டுகிறீர்கள், கேமராவுக்கு நன்றாக இருக்காது என்று திருத்தினாள். பரந்தாமன் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். சும்மா சொல்லக் கூடாது, கோடை விடுமுறை முடிவதற்குள் செய்தி வாசிப்பவர் மாதிரி உதடு பிரியாமல் பேச வந்துவிட்டது.

ஜூனில் வகுப்பறையையும் மாற்றினார். கதவுக்கு மேல் 'கற்றல் ஆய்வகம்' என்று பெயின்ட் அடித்தார். திரை பளிச்சென்று தெரிய இருட்டு வேண்டும். ஜன்னலுக்குத் துணி கொடுத்தது கஜபதி. நான்கு தறி போட்டுக் கைலி நெய்கிறவர். மகள் சினேகா அந்த ஏழாம் வகுப்பில்தான் படித்தாள். பள்ளிக்கூடத்துக்கென்றால் கேட்கவா வேண்டும் என்று கருநீலத் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்து, அவரே ஏணி போட்டு மாட்டிவிட்டுப் போனார். வெளிச்சம் ஊசிமுனைகூட நுழையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

பரந்தாமன் அன்றிலிருந்து வகுப்பின் பின்சுவரோரம், லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்தார். சட்டையில் காலர் மைக். குரல் நான்கு மூலை ஸ்பீக்கரிலிருந்தும் வந்தது. ஆசிரியர் மறைந்துவிட்டார்.

சினேகாவும் மறைய ஆரம்பித்தது அப்போதுதான். ஆறாவதில் அறிவியலில் அவள்தான் முதல். முன் பெஞ்சில் உட்கார்ந்து, கொசு கடித்தாலும் கண் இமைக்காமல் வாத்தியார் முகத்தையே பார்ப்பாள். ஏழாவதில் பாதிக் கேள்விக்குப் பதிலே எழுதவில்லை. பாடம் நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள். டேப்லெட்டில் ஓடுகிற செயலி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம் கொடுக்கும். சினேகாவுக்குச் சிவப்பு. பக்கத்தில் 'கவனச்சிதறல்' என்று அதுவே எழுதியும் வைத்தது.

கஜபதி ஒருநாள் வந்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றார். மகள் மார்க்கு விழுந்துபோனதைக் கேட்டு வந்திருந்தார். நன்றாகப் படிக்கிறவள் என்றுதான் இந்தப் பக்கம் அனுப்புகிறேன், படிப்பு வரவில்லையென்றால் வீட்டில் தார் சுற்ற ஆள் இல்லை, அரையாண்டில் இப்படியே வந்தால் நிறுத்திவிடப் போகிறேன் என்று தயங்காமல் சொன்னார். மிரட்டல் இல்லை. மழை வந்தால் குடை எடுப்பேன் என்கிற மாதிரி சொன்னார்.

பரந்தாமன் அவரை உட்காரவைத்து, டேப்லெட்டைத் திறந்து, சிவப்பைக் காட்டினார். கோடு எங்கே விழுகிறது, எந்த வாரம் விழுகிறது என்று விரலால் தடவித் தடவிக் காட்டினார். கஜபதி நெய்த துணியில் இழை விட்ட இடத்தைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

"வீட்ல அப்டியெல்லாம் இல்லயே சார். நாங்க இன்னா பேசினாலும் டக்குனு புரிஞ்சிக்கினு செய்வா."

"வீடு வேற, கற்றல் சூழல் வேற. எங்கிட்ட விட்டுடுங்க. டேட்டா இருக்கு. நான் பாத்துக்கறேன்."

டேட்டா என்றால் ஏதோ மருந்து என்று நினைத்துக்கொண்டு கஜபதி கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் பரந்தாமன் புனேவுக்குப் போனார்.

மணியம்மை மட்டும் ஒருமுறை சொன்னார். அந்தப் பெண் திரையைப் பார்க்கவில்லை, உங்களைத் தேடுகிறது, கொஞ்சம் முன்னால் போய் நின்றுதான் பாருங்களேன் என்றார். பரந்தாமன் சிரித்தார். ஆசிரியரைச் சார்ந்திருப்பது கற்றலில் ஆரம்ப நிலை, அதிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவர வேண்டும் என்று விளக்கினார். "அதுசரி, வெளியதான் போகப் போவுது" என்று சொல்லிவிட்டு மணியம்மை சத்துணவுக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

கார்த்திகையில் அருண்பாண்டியன் கேமராவோடு வந்தார். சென்னையில் பெரிய மாநாடு, அதில் பரந்தாமனுக்குச் சிறந்த மாற்றத்தின் முகம் என்று விருது, அதற்கு ஒரு வீடியோ. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்தார்கள். கேமராக்காரன் பின்சுவரோரம் பரந்தாமனுக்குப் பக்கத்தில் நின்று, கையில் ஒரு குட்டி விளக்கும் வைத்திருந்தான். இருட்டில் எல்லாத் தலையும் திரையைப் பார்த்திருக்க, ஒரு தலை மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது. சினேகா. விளக்கு அவள் முகத்தில் விழுந்தது. பரந்தாமன் அப்போது லேப்டாப்பில் அடுத்த படத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த இடம் அருண்பாண்டியனுக்குப் பிடித்துவிட்டது. நன்றியோடு குருவைத் திரும்பிப் பார்க்கும் சிஷ்யை என்று சொல்லி, அதை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, பின்னால் வயலின் சேர்த்துவிட்டார். பரந்தாமன் அதைப் போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். மாமியார் வீட்டுக்கும் அனுப்பினார். வயலின் வந்தவுடன் அவருக்கே கண் கலங்கும்.

அரையாண்டுத் தேர்வு வந்தது, போனது. ஜனவரியில் பள்ளி திறந்தபோது சினேகா வரவில்லை. செயலி கொஞ்ச நாள் சிவப்பாகவே காட்டிவிட்டு, அப்புறம் சாம்பல் நிறத்துக்கு மாறியது. நீண்ட விடுப்பு. போய்ப் பார்க்க வேண்டும் என்று பரந்தாமனுக்கு உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கஜபதியிடம் பாத்துக்கறேன் என்று சொன்னவர் அவர்தானே. ஆனால் மாநாட்டுக்கான ஸ்லைடு இன்னும் முடியவில்லை. முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார்.

சென்னையில் நட்சத்திர ஓட்டலின் பாதாள அறையில் மாநாடு. ஏசி எலும்பைத் தொட்டது. வகுப்பறையை விட்டு ஓடிவந்து கம்பெனி தொடங்கியவர்கள், வகுப்பறையில் எப்படி நிற்பது என்று காலையிலிருந்து பேசினார்கள். அட்டை மாட்டிய கழுத்துகள் ஒன்றுக்கொன்று தலையாட்டிக்கொண்டன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில், பரந்தாமனை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

பிரமாதமாகப் பேசினார். தறி ஓசைக்கு நடுவே ஒரு டிஜிட்டல் விடியல் என்று ஆரம்பித்தார். பங்கேற்பு விகிதம், பச்சை, மஞ்சள், எல்லாம் வந்தன. சாம்பல் ஸ்லைடில் இல்லை. இனி நான் பேசப் போவதில்லை, என் மாணவி பேசுவாள் என்று சொல்லி வீடியோவைப் போடச் சொன்னார். ஒத்திகையில் அருண்பாண்டியன் எழுதிக்கொடுத்த வரி.

படம் வந்தது. சத்தம் வரவில்லை.

ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். சவுண்டு பார்க்கிற பையன்கள் ஒயரைப் பிடுங்கி மாற்றினார்கள். பரந்தாமனும் மற்றவர்களைப் போலவே திரும்பித் திரையைப் பார்த்தார். வயலின் இல்லாமல் அந்தப் படத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சுவர் அகலத்துக்குச் சினேகாவின் முகம். மெதுவாகத் திரும்புகிறது. வாய் அகலமாகத் திறக்கிறது, பல் தெரிகிறது, உதடு குவிகிறது. நன்றியாவது ஒன்றாவது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். தறி வீட்டுப் பேச்சு. குரல் போடாமல் வாயை மட்டும் அசைத்து, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அதைப் படிக்கத் தெரிந்த ஒரே வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சார். மூஞ்சிய காட்டுங்க சார். எனுக்கு எதுவும் கேக்கமாட்டுது.

பரந்தாமனுக்கு முதுகில் தார்க்குச்சி விழுந்த மாதிரி இருந்தது. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. ஆறாவதில் முதல் மார்க்கு வாங்கியது காதால் இல்லை, அவர் வாயைப் பார்த்து. வீட்டில் எல்லோரும் உதட்டால் பேசுவதால் வீட்டாருக்கும் தெரியவில்லை. அவர் வாயை மூடக் கற்றுக்கொண்டு, விளக்கை அணைத்து, பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

சத்தத்தைச் சரிசெய்வதற்காகப் பையன்கள் அந்த இடத்தையே மறுபடி ஓட்டினார்கள். வரவில்லை. மறுபடி ஓட்டினார்கள். சினேகா மறுபடி திரும்பினாள், மறுபடி கேட்டாள். மெதுவாக, எழுத்தெழுத்தாக, தப்பாகப் படிக்க வழியே இல்லாமல்.

அவர் திரையைப் பார்த்தபடி, கூட்டத்துக்கு முதுகு காட்டியே நின்றார். அருண்பாண்டியன் மேடைக்குத் தாவி ஏறி, மைக்கை வாங்கி, சார் எமோஷனல் ஆகிவிட்டார், இதுதான் தொழில்மேல் இருக்கிற பேஷன், இதை எந்த மெஷினும் கொடுக்க முடியாது என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கண்ணாடியில் செய்த ஒரு கேடயத்தைக் கையில் வைத்தார்கள். மைக்கைத் திரும்ப அவர் வாய்க்கு நேராக நீட்டினார்கள். சொல்லியிருக்கலாம். பரந்தாமன் நன்றி என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ரயிலில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மணவூரில் ஏறிய ஒருவர், என்ன சார் பிரைஸா என்று கேட்டார். பரந்தாமன் தலையை ஆட்டினார். எதுக்கு என்று அவர் கேட்டதற்குக் காதில் விழாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகாமல் நேரே கஜபதியின் தறிக்கொட்டகைக்குப் போனார். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பஞ்சுத் தூசி பறந்தது. கஜபதி அவரைப் பார்த்ததும் கும்பிட்டு, வாங்க சார், இன்னா இவ்ளோ தூரம் என்று உதட்டால் கேட்டார். பரந்தாமனின் வாய் தானாகத் திறந்தது. பயிற்சியெல்லாம் எங்கே போனதோ, பல்லும் உதடுமாக, குரல் இல்லாமல் விஷயத்தைச் சொன்னார்.

கஜபதி சிரித்துவிட்டார். காலை அவசரத்தில் யாரோ ஜோக் சொன்ன மாதிரி.

"எங்க சினேகாவுக்கா? சின்ன வயசுல இருந்து காதுல சீழ் வரும், தேங்காண்ணெ காச்சி ஊத்துவோம், நின்னுடும். மத்தபடி நல்லாத்தான் பேசிக்கினு இருக்கா."

"தறிய நிறுத்துங்க" என்றார் பரந்தாமன்.

கஜபதி யோசித்தார். தறியை நிறுத்துவது அவருக்கு லேசான காரியமில்லை. ஆனாலும் போய் மெயின் சுவிட்சைத் தட்டினார். நான்கு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக முனகி நின்றன. அந்த ஊரில் பகலில் அப்படி ஒரு நிசப்தம் யாரும் கேட்டதில்லை. வெளியே ஒரு கோழி கேறியது கேட்டது.

கொட்டகையின் கோடியில், ஜன்னல் வெளிச்சத்தில், முதுகு காட்டி உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள் சினேகா. மெஷின் நின்றதும் கரன்ட் போய்விட்டது என்று நினைத்தவள்போல், அறுந்த நூலை எடுத்து நிதானமாக முடிச்சுப் போட்டாள்.

"சினேகா" என்றார் கஜபதி.

அவள் முடிச்சைப் பல்லால் கடித்தாள்.

"எம்மா. சினேகா." இன்னும் கொஞ்சம் சத்தமாக. அப்புறம் இன்னும் சத்தமாக. கடைசியில் பக்கத்துக் கொட்டகை ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார். அவள் அடுத்த தாரை எடுத்து வைத்தாள். கஜபதியின் கத்தல் நடுவிலேயே நின்றுபோனது. கை தறிச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

பரந்தாமன் கீழே கிடந்த காலித் தார்க்குச்சி ஒன்றை எடுத்து, மெதுவாக அவள் முதுகில் எறிந்தார்.

சினேகா சட்டென்று திரும்பினாள். வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்து நின்று பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நல்லா இருக்கீங்களா சார் என்று குரலில்லாமல் கேட்டாள்.

பரந்தாமன் அவள் எதிரில் போய் நின்றார். ஸ்கூலுக்கு வா என்று வாயசைத்தார். ஜன்னல் துணியெல்லாம் கழட்டிடறேன், முன்னாலயே நிக்கிறேன், வா.

அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்புறம் வாத்தியாரை. கோபமெல்லாம் இல்லை. பெரியவர்களுக்குப் புரியாததைப் பிள்ளைகள் சொல்கிற பொறுமைதான் இருந்தது.

"வேணாம் சார். நீங்க ஜன்னல் துணிய கழட்டுவீங்க, இங்கிலீஷ் சார் போர்டு பாத்துக்கினே நடத்துவாரு. கணக்கு டீச்சர் நோட்டால வாய மூடிக்கினு சொல்லுவாங்க. இங்க எல்லாரும் மூஞ்சிய காட்டித்தான் பேசறாங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்து, நூலை எடுத்துக்கொண்டாள்.

கஜபதி வந்து பரந்தாமன் பக்கத்தில் நின்றார். மகள் கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குரலில் கேட்டார்.

"மிஷின்ல தெரியலயா சார்? அன்னிக்குக் காட்டினீங்களே, செவப்பா. அதுல காது இல்லயா?"

பரந்தாமனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அருண்பாண்டியன். இந்தூரில் அடுத்த மாதம் ஒன்று இருக்கிறது என்று நேற்றே சொல்லியிருந்தார்.

"இனிமே பாத்தா கேக்குமா? டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனா சரியாவுமா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

கொட்டகை அமைதியாகவே இருந்தது. அந்த அமைதியைக் கஜபதியால் தாங்க முடியவில்லை. இரண்டு எட்டில் போய் மெயின் சுவிட்சை மேலே தட்டினார். தறிகள் கிளம்பின. சத்தம் தரையிலிருந்து காலுக்கு ஏறியது. சினேகாவின் விரல்கள் நூலோடு ஓட ஆரம்பித்தன. கஜபதி சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்று, வாத்தியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரந்தாமன் வாயை அகலமாகத் திறந்தார். எந்த மாநாட்டு மேடையிலும் சொல்லிப் பழக்கமில்லாத சொல். பல்லைக் காட்டி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

தெரியலங்க.

கஜபதி அதைப் படித்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, இழை அறுந்திருந்த தறிக்குப் போனார்.